கட்டை

பட்டறையில் அந்த எழுத்துருவுக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டை.
சொந்தப் பெயர் கணினிக்குத் தெரியும்.

கழுத்தில்லை. இடுப்பில்லை.
ஆறு மணிப் பஸ்ஸில்
தோளோடு தோள் இடித்து நிற்பவர்களைப்போல் நிற்கும்.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும், அவ்வளவுதான்.
அவர்களுடைய 'ஓ'வின் வயிற்றில்
தபால்பெட்டி வாயளவு ஒரு கீறல்.
சின்னெழுத்து கிடையாது,
ஆகவே கட்டைக்குக் குசுகுசுக்கத் தெரியாது.

பீல் நகரத்தில் எதையும் இரண்டு தரம் சொல்லவேண்டும்,
ஒரு தரம் ஜெர்மனில், ஒரு தரம் பிரெஞ்சில்.
ஊம்லைட்டுங். டெவியாசியோன்.
வழி மாறச் சொல்வதற்கே எட்டு மீட்டர் மஞ்சள் வினைல்.
கடை மூடுகிறவனுக்கும் கட்டை, திறக்கிறவனுக்கும் கட்டை.
செர்ரி விற்கும் பண்ணைக்காரிக்கு,
ஐஸ் ஹாக்கி வெறியர்களுக்கு,
மணிக்கூட்டுத் தொழிற்சாலை வாசலில்
சம்பளம் கேட்டு நின்ற பெண்களுக்கு
(அவர்கள் கையில் அது மிக அழகாக இருந்தது).

நாய் தொலைந்த ஒரு மனிதர் வந்தார்.
'லூலு' என்று ஒன்றரை அடி உயரத்தில் அடித்துப் பார்த்தோம்.
நாயைத் தேடுவதாக இல்லை,
கைதுசெய்ய வந்ததாக இருந்தது.
மெல்லிய எழுத்தில் மாற்றிக் கொடுத்தேன்.
ஏஷ்லிமன், என் முதலாளி,
காசு வேண்டாம் என்று கையசைத்தார்.

மார்ச்சில் குலசேகரம் அண்ணை வந்தார்.
"சனிக்கிழமைப் பள்ளிக்கு இருபதாம் ஆண்டு.
ஸ்டேஷனிலை நிண்டு பாத்தாலே தெரியவேணும்.
அவையின்ரை எழுத்து எப்பிடி நிக்குது,
அப்பிடி எங்கடையும் நிக்கவேணும்."

எனக்குக் கிடைத்த தமிழெல்லாம்
ஒன்றில் நோஞ்சான், இல்லையென்றால் கல்யாணக் கார்ட்.
நானே வெட்டத் தொடங்கினேன்.
ப சிரமம் தரவில்லை, வாளிபோல் உட்கார்ந்துகொண்டது.
த வாலை மடிக்க இடம் கேட்டது.
மி விசிறியைத் தூக்கி
பக்கத்து ழ்-இன் புள்ளியை இடித்தது.
ழ-வின் தொங்கும் காலை எங்கே வைப்பது?
மடித்து அமர்த்தினேன்,
கோபித்துக்கொண்டு இருப்பதுபோல் இருந்தது.
புள்ளியைச் சதுரமாக்கினேன்.
அன்று எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்,
மெய்யெழுத்தின் தலையில் ஒரு சின்னப் பெட்டி.

ஆறு மீட்டர் பதாகை, மண்டப முகப்பில்.
அண்ணை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்,
தானே கட்டிய வீட்டைப் பார்ப்பதுபோல.

எதிர்ப்பக்கப் பஸ் தரிப்பிடத்திலிருந்து
அபிஷ்னா, ஏழு வயது,
எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தாள்:
தமிழ்ப்
பன்னி.

எங்கள் வீடுகளில் அது பண்டி.
பன்னி என்பது சினிமாவில் வருவது.
எல்லாப் பிள்ளைகளும் சினிமா பார்க்கிறார்கள்.
தரிப்பிடமே குலுங்கியது.

தெருவைக் கடந்து போய் அவள் நின்ற இடத்தில்
அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன்.
பிழை அவளுடையதல்ல.
முப்பது மீட்டரில் ள-வின் கண் மூடிவிடுகிறது,
சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன,
ள்ளி கிடக்கவேண்டிய இடத்தில்
ன்னி படுத்திருக்கிறது.

அன்றிரவு பட்டறையில் தனியே.
இத்தனை நாளும் கறுப்பைத்தான் வெட்டுவதாக நினைத்திருந்தேன்.
ள-வின் உள்ளே கத்தியை வைத்து
ஒரு விரற்கடை வெள்ளையைக் கூட்டினேன்.
தூர நின்று பார்த்தேன். போதவில்லை.
இன்னும் ஒரு விரற்கடை.
காலையில் பஸ்ஸில், முழங்கையில்
ஒட்டியிருந்த கறுப்புத் துண்டை
ஓர் அம்மா காட்டித் தந்தார்,
முதலில் ஜெர்மனில், பிறகு பிரெஞ்சில்.

"கொஞ்சம் மெலிஞ்சு போச்சு," என்றார் அண்ணை.
அபிஷ்னாவைக் கூட்டிவந்து அதே தரிப்பிடத்தில் நிறுத்தினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
தலையைச் சரித்தும் பார்த்தாள்.
"பள்ளி," என்றாள்,
ஏமாற்றத்தோடு.