மே மாதப் பூ

மார்கழி முடிய இன்னும் நாலு நாள்.
ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கிறது
பாச்சை உருண்டை வாசத்தோடு.
விடியலில் வெளியே வந்து ஊதிப் பார்த்தேன்,
வாயில் புகை வரவில்லை.

நாகலூர் ரோட்டோரம், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம்
சிவப்பாய் ஏதோ.
பிள்ளைகள் விட்டுப்போன பந்து என்றுதான் குனிந்தேன்.

மே மாதப் பூ.
பேரே அதுதான், வேறு பேர் எங்களுக்குத் தெரியாது.
இலை கிடையாது. ஒற்றைத் தண்டு.
நூறு தீக்குச்சியை ஒரே நேரம் உரசினாற்போல் தலை.
காலண்டரில் ஜனவரி பத்து.

சவரியம்மாளுக்கு போன் போட்டேன்.
கொட்டச்சேட்டில் காப்பியும் பூத்துவிட்டதாம்.
பழம் பறிக்கப் போனவர்கள்
ஒரே கிளையில் வெள்ளையும் சிவப்புமாய்ப் பார்த்து
கையை எங்கே வைப்பதென்று நின்றார்களாம்,
மேஸ்திரி வந்து கத்தும்வரை.

மலர்க் கண்காட்சிக்கென்று
முப்பது தொட்டி வைத்திருக்கிறேன் கொட்டகையில்,
தண்ணீர் காட்டாமல், மேலே சாக்கு போட்டு.
போன வருஷம் இரண்டாம் பரிசு,
ஒரு எவர்சில்வர் சம்புடம்.
சாக்கைத் தூக்கப் பயம்.
தூக்கினேன்.

பதினோரு தொட்டியில் மண் விரிசல் விட்டிருந்தது.
விரிசலுக்குள் ஈரமாய், பச்சையும் சிவப்புமாய்
ஒவ்வொரு மூக்கு.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
கீழே, சேலத்திலிருந்து ஏறும் முதல் பஸ்
ஏதோ ஒரு வளைவில் ஹாரன் அடித்தது.
மறுபடி அடித்தது, இன்னும் பக்கத்தில்.

வந்ததைத் திரும்பிப் போ என்றா சொல்வது?
சாக்கை மடித்து ஓரமாய் வைத்தேன்.
பதினொன்றுக்கும் தண்ணீர்.
மற்ற பத்தொன்பதையும் தொட்டுப் பார்த்தேன்,
ஜுரம் பார்ப்பதுபோல்,
புறங்கையால்.