புதன்கிழமை ஊசி

முதுநகர் சுகாதார நிலையத்தில்
புதன்கிழமை அழுகைதான் டோக்கன்.
ஓர் அழுகை கதவுக்குள் போனதும்
அடுத்தது எழுந்து நிற்கும்.

பதினேழு பெண்கள், நான் ஒருவன்.
சரசுக்கு சிப்காட்டில் முதல் ஷிஃப்ட்.
கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கத்
தலை துவட்டாமல் ஓடியவள்
தெருமுனையில் நின்று கத்தினாள்:
"அட்டைய மறந்துடாத. ஒம்பதாம் மாச ஊசி, வலது கை."
அட்டை என் சட்டைப்பையில்.
வலது கை என் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறது,
நடக்கப்போவது தெரியாமல்.

பெஞ்சில் பேச்சு,
துறைமுகத்தில் மத்தி ஏலம் போவதுபோல
ஆளுக்கொரு விலை.
"ரெண்டு நாளா வெளிக்கிப் போவல."
"வெத்தலக் காம்புல எண்ண தொட்டு…"
"அய்ய, அதெல்லாம் வைக்காத, நர்ஸம்மா கிழிச்சிடும்."
"ராத்திரி முழுக்க ஃபேனப் பாத்துச் சிரிக்கிறான்."
"கரண்டு போனா?"
"என்னப் பாத்து அழுவுறான்."

நூர்நிஷாவின் பையன் மண் தின்கிறான்,
அதிலும் மாடிப்படியோர மண் மட்டும்.
பச்சாங்குப்பத்துப் பெண்ணுக்குப்
பால் பத்தவில்லையோ என்று பயம்.
சொல்லும்போதே அவள் ரவிக்கை நனைந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தார்கள்.
அவளும்.

நான் யாரோ வைத்துவிட்டுப் போன பைபோல
ஓரமாக இருந்தேன்.
மூன்றாம் பிள்ளையோடு வந்திருந்த தனக்கோடிதான்
திரும்பிக் கேட்டாள்:
"ஒன்னுது என்னப்பா பண்ணுது?"
பல் ரெண்டு என்றேன்.
தவழ்கிறாள், ஆனால் பின்பக்கமாக.
பொம்மையைப் பார்த்துப் புறப்பட்டு
கட்டிலுக்கடியில் போய்ச் சேர்கிறாள்.
நன்றாகச் சிரித்தார்கள்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தீபாவளிக்கு எங்கள் வாசலில் பத்தாயிரம் வாலா.
தெருப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டபோது
இவள் தூங்கினாள்.
"பொறுமைசாலி" என்றார் எதிர்வீட்டுக்காரர்.
அவர் வாயில் ஒரு லட்டு வைத்தேன்.
அன்றிலிருந்து
சரசு குளிக்கப் போனதும்
குழந்தைக்குப் பின்னால் குந்தி
குக்கர் மூடியைத் தரையில் தட்டுகிறேன்.
குழந்தை திரும்புவதில்லை.
"என்னா சத்தம்?" என்பாள் சரசு, குளியலறையிலிருந்து.
"கைதவறிடுச்சி" என்பேன்.
எத்தனை தடவை கைதவறும் ஒருவனுக்கு.

இதை வாய்விட்டுச் சொன்னது
அந்தப் பெஞ்சில்தான் முதல் தடவை.
காம்பு, வசம்பு, உரைமருந்து
எதுவும் வரவில்லை யாரிடமிருந்தும்.
நூர்நிஷா தன் பையன் வாயிலிருந்து
விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

தனக்கோடி மட்டும்
காய் விலை சொல்கிற குரலில் சொன்னாள்:
"எம் பெரியவனுக்கும் இப்படித்தான்.
இப்ப காதுல மிஷின் மாட்டியிருக்கு.
திட்டுனா கழட்டி அரிசி டப்பாவுல போட்டுடுவான்,
கேக்கக் கூடாதுன்னு.
நீ பெரியாஸ்பத்திரிக்குப் போ.
ஏழு மணிக்குள்ள போனாத்தான் சீட்டு.
சோறு கட்டிக்க, மதியம் ஆயிடும்.
பசியோட இருந்தா கொழந்த ஒத்துழைக்காது, பால் குடுத்துட்டுப் போ.
கேட்டியா? எழுதிக்க."

பேனா நூர்நிஷா கொடுத்தாள்.
தாளுக்கு அட்டையைத்தான் எடுத்தேன்.
பின்பக்கம் திருப்பினால்
பென்சிலில், சரசுவின் சாய்ந்த கையெழுத்து:
சத்தத்துக்குத் திரும்பல.
நர்ஸ்கிட்ட கேக்கணும்.
தேதி போட்டிருந்தாள்.
தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால்.

குளியலறைக் கதவுக்கு அந்தப்பக்கம்
தண்ணீர் ஊற்றாமல் நின்ற நிமிடங்கள்
ஒன்றொன்றாகக் காதில் விழுந்தன.

அவள் வரிக்குக் கீழே எழுதினேன்:
ஏழு மணி. சோறு. பால்.
எழுத்து கோணியது, மடியில் ஆள் இருந்ததால்.

எங்கள் முறை வந்தது.
வலது கை என்றேன், சரியாக.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு அவள் வாய் திறந்தாள் பாருங்கள்,
வராந்தாவில் தூங்கிய நாய் உட்பட
முதுநகரே
திரும்பிப் பார்த்தது.