ஆண்பூ இருக்குமா

ஆறு விதை போட்டேன். இரண்டு முளைத்தன.
ஒன்றை எறும்பு கொண்டுபோனது.
மிச்சமிருந்த ஒன்றுக்கு
பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு
யீஷூனில், பதினோராவது மாடித் தாழ்வாரத்தில்
செருப்பு அடுக்கை நகர்த்தி இடம் ஒதுக்கினேன்.

சுக்கினி என்றாலே இன்பவல்லிக்குச் சிரிப்பு.
"பீர்க்கங்காய்க்கு என்ன குறை?"
நியாயமான கேள்வி. பதில் இல்லை.

மூன்றரைக்கு மேல்தான் எங்கள் பக்கம் வெயில்,
அதுவும் எதிர் புளோக் மனது வைத்தால்.
செடி கைப்பிடிச் சுவருக்கு மேலே கழுத்தை நீட்டியது,
பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் மாதிரி.
நான் பஸ் ஓட்டுகிறவன்.
அந்தக் கழுத்துகளை எனக்குத் தெரியும்.

முதலில் இலையெல்லாம் வெள்ளித் திட்டு.
ஈரத்துணியால் துடைத்தேன்,
பாலில் நீர் கலந்து தெளித்தேன்,
இரண்டு இலையைக் கிள்ளியும் போட்டேன்.
அப்புறம்தான் தெரிந்தது, நோயில்லை,
பிறவி நிறம்.
அடுத்த மாதம் நிஜமான நோய் வந்தது,
யாரோ மாவுப் பையை உதறிய மாதிரி.
அதை அழகு என்று விட்டுவிட்டேன்.

பிறகு பூத்தது. எல்லாம் ஆண்.
ஒன்பது காலை, ஒன்பது மஞ்சள் புனல்,
யாருக்கென்று தெரியாமல் விரிந்து
பதினொரு மணிக்குள் சுருங்கி விழுந்தன.
பதினோராவது மாடிக்குத் தேனீ வருவதில்லை.

முதல் பெண்பூ ஒரு புதன்கிழமை.
நான் விடிவதற்கு முன்பே வண்டி எடுத்திருந்தேன்.
முனையத்தில் நிற்கும்போது படம் வந்தது: இது எது?
"அடியில குட்டிக்காய் இருக்கா பாரு."
"எல்லாத்துக்கும் அடியில ஏதோ இருக்கு."
"காம்பு மெலிசா, தடிமனா?"
ஏறிக்கொண்டிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.
மகளின் தூரிகையால் அன்று
ஓர் ஆண்பூவிலிருந்து இன்னோர் ஆண்பூவுக்கு
மிகக் கவனமாக மகரந்தம் பூசப்பட்டது.
குட்டிக்காய் விரல் நீளத்தில் மஞ்சளாகி
நுனியிலிருந்து அழுகியது.

நகர மன்றத்திலிருந்து ஷாருல் வந்தார்.
தட்டில் நின்ற தண்ணீரைக் கவிழ்த்தார், கொசு என்றார்.
அளவு நாடாவை விரித்தார்.
வாளி விதிக்குள். இலை வெளியே.
"இலை வளருமே," என்றேன்.
"அதைத்தான் எழுதுகிறேன்."
போகும்போது ஆறுதலாகச் சொன்னார்:
எதிர் புளோக், ஐந்தாவது மாடி, மேடம் குவெக்.
இதே செடி. இலை இன்னும் ஒன்பது சென்டிமீட்டர் நீளம்.

அந்த ஒன்பது சென்டிமீட்டர் ஏன் சுட்டது,
தெரியவில்லை.
சனிக்கிழமை மழை. காலையில் விரிந்த ஆண்பூ,
மறுநாளுக்கான மொட்டு, ஒன்று விடாமல் பறித்து
பஜ்ஜி போட்டோம்.
"இதுதான் விளைச்சல்னு மொதல்லயே சொல்லியிருந்தா
சிரிச்சிருக்க மாட்டேனே,"
என்றாள் இன்பவல்லி, ஏழாவது பஜ்ஜியை எடுத்தபடி.

ஞாயிறு எனக்கு ஓய்வு நாள்.
ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால்
இரண்டு பெண்பூக்கள், ஒன்றாக, முழுதாக.
செடியில் ஓர் ஆண் இல்லை.
வாணலியில் நேற்றைய எண்ணெய்.

கைலியோடு, தூரிகையோடு
கார்நிறுத்தத்தைக் கடந்து
ஐந்தாவது மாடி. அந்த இலை நிஜமாகவே நீளம்.
மேடம் குவெக் இரும்புக் கதவைத் திறக்காமல் பார்த்தார்.
எனக்குத் தெரிந்த சீனம் இரண்டு வாக்கியம்:
உள்ளே நகருங்கள்; பின்கதவால் இறங்குங்கள்.
அதில் எதுவும் பொருந்தவில்லை.
தூரிகையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் உள்ளே போனார். குளிர்பெட்டி திறக்கும் சத்தம்.
முட்டை அடுக்கோடு திரும்பி வந்தார்.
முட்டை இல்லை;
குழிக்கு ஒன்றாக ஆண்பூ,
ஒவ்வொன்றின் அடியிலும் தேதி எழுதிய துண்டுச்சீட்டு.
ஒன்றைத் தொட்டார், தலையசைத்தார், வேண்டாம்.
அடுத்ததைக் கம்பி வழியாக நீட்டினார். நேற்றையது.

மணி எட்டாகப் போகிறது.
உள்ளங்கையில் பூவோடு மின்தூக்கியில் நிற்கிறேன்.
மூன்றில் நிற்கிறது. நான்கில் நிற்கிறது.
ஆறில் ஒரு சைக்கிள் ஏறுகிறது.