கிடந்த இடத்தில்

நாகமலை அடிவாரம், ஏழாவது குழி.
துளசிராம் சார் அடித்த பந்து
மயில் விலாவில் பட்டு
முள்ளுக்குள் போனது.
கிடந்த இடத்தில்தான் ஆடணும், சார்.
நின்ற பந்தை அதே மயில் கொத்தியிருந்தால்
எடுத்துத் திரும்ப வைக்கலாம்.

"இது என்னடா நியாயம், சோணை?"
பையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

ஒன்பதாவதில் நேராக, நடுப்புல்லில் விழுந்தது.
போய்ப் பார்த்தால்
முன்னால் போனவன் மட்டை பெயர்த்த பள்ளம்.
எவனோ தோண்டியது, இவர் பந்து.
அதற்கும் விலக்கில்லை.
என் கட்டைவிரல் பந்துக்கு அரையடியில் இருந்தது.
சார் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.
நகர்த்தவில்லை.
பெருமைக்குச் சொல்லவில்லை,
செருப்பு ஈரம், வழுக்கும்.

பதினொன்றில்
நேற்றைய மழை தேங்கிக் கிடந்தது.
இதற்கு உண்டு.
தண்டமில்லாமல் எடுத்து
முழங்கால் உயரத்திலிருந்து
காய்ந்த தரையில் விடலாம்.
"தப்பிச்சோம்" என்று சிரித்தார்.

செல்லூரில் கண்மாய் நிறைந்து
இரண்டு நாளாய் என் வீட்டுக்குள்
கணுக்கால் தண்ணீர்.
கட்டில் மேல் அடுப்பு,
அடுப்பு மேல் பூனை.

சார் பந்தோடு குனிந்து நின்றார்.
காய்ந்த இடம் எதுவென்று
நான்தான் காட்டினேன்.