செயப்பாட்டுவினை

ஐந்துசந்தியில் சைக்கிள் பாகக் கடைக்கு
ஆறரைக்குச் சட்டர் விழும்.
அதற்குப் பிறகு மேல்மாடி எங்களுக்கு:
ரியூப் மணக்கும் பெட்டிகளின் நடுவே ஒரு மேசை,
ஸிஹானாவின் நானா வைத்துவிட்டுப் போன பிளேன்ரீ,
கண்ணாடி வெடித்த கைபேசியில் பின்னோக்கி ஓடும் நேரம்.

கலாநிதிப் படிப்புக்கு நுழைவுப் பரீட்சை.
ஆங்கிலத்தில் வாசித்து விளங்கவேண்டும்,
விளங்கியதைத் தமிழில் எழுதவேண்டும்,
இரண்டு மணித்தியாலம்.
அவளுக்கு விலங்கியல், எனக்குப் புவியியல்.
இரண்டு பேரும் முப்பத்தைந்து தாண்டியவர்கள்,
ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டும் படித்தவர்கள்.
தோ, த்றூ, தோட், தறா:
ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் ஒரே முகத்தோடு நின்று
கூப்பிட்டால் வேறு ஆள் திரும்பும்.

இன்றைய பந்தி கடற்பறவைகள் பற்றி.
எங்கேயோ வடகடல், வாயில் நுழையாத ஒரு தீவு.
கொலனி, கொலனி என்று ஒன்பது தரம் வருகிறது.
அகராதியைப் புரட்டினேன்: குடியேற்றம்.
'பறவைகளின் குடியேற்றம்' என்று எழுதிப் பார்த்தேன்.
இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு
ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.
வெட்டினேன்.
"கூட்டம் எண்டு போடு," என்றாள்.
கூட்டம் என்றால் மைக் தேவைப்படும்.
கடைசியில் 'கூடுநிலம்' என்று ஒன்றை நாங்களே செய்தோம்.
புள்ளி வருமோ தெரியாது.

அடுத்த வசனம் சின்னது.
அந்தக் கூடுநிலம் ஒரே பருவத்தில் கைவிடப்பட்டது.
பேனை நிற்காமல் ஓடியது.
ஆள் இல்லாத வசனம் எனக்குக் கைவந்த வேலை;
என் ஆய்வுக்கட்டுரை முழுக்க அதுதான்:
அளக்கப்பட்டது, பதியப்பட்டது, விலக்கப்பட்டது.

அவள் என் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.
சிவப்புப் பேனையால் ஓரத்தில் ஒரு சொல்:
ஆரால்?

"பந்தியில இல்லை."
"இருக்காது. பறவை தானாப் போச்சுதோ,
ஆரும் கலைச்சதோ, ரெண்டுக்கும் ஒரே வினைதான்."

இன்னும் நாலு பந்தி கிடக்கு, என்றேன்.
வெறும் ரெண்டு மணித்தியாலத்தில
மனுசர் என்னத்தைச் செய்யிறது?

"எவ்வளவோ செய்யலாம்," என்றாள்.
"உம்மா ஒரு வீட்டையே பூட்டி
சாவியையும் குடுத்திட்டுப் போனவ."

பிளேன்ரீயில் ஆடை படியாது.
ஆறும், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஏழு வயது.
பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிய நாள்
இடாப்பில் மூன்று பெயர்கள் கூப்பிடப்படவில்லை.

கூப்பிடாதது ரீச்சர்.
கேட்காதது நாங்கள் முப்பத்தியொரு பேர்.
அந்த வாங்கில் அடுத்த கிழமை நான் இருந்தேன்;
ஜன்னலோரம், நல்ல காற்று.

இஷாவுக்குப் பாங்கு சொன்னது.
அவள் நேரத்தை நிறுத்திவிட்டு
பெட்டிகளுக்குப் பின்னால் தொழப் போனாள்.
பதினொரு நிமிடம் மிச்சம் நின்றது கண்ணாடியில்.
கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்து
சட்டரைத் தட்டிப் பார்த்துப் போனார்கள்.
நான் ஒரு சொல்லும் எழுதவில்லை.

வந்திருந்து மறுபடி ஓடவிட்டாள்.
கடைசி வசனம்:
அடுத்த வருடம் திரும்பவும் எண்ணினோம்.
யார் எண்ணியது? ஆங்கிலத்தில் ஒரு மூச்சுச் சத்தம், வீ.
தமிழ் எழுத்தில் இரண்டு வாசல்:
நாம் என்றால் கேட்பவரும் உள்ளே,
நாங்கள் என்றால் அவர் வெளியே நிற்கலாம்.
எங்கள் பேச்சில் அநேகமாய் எல்லாவற்றுக்கும்
'நாங்கள்' ஒன்றுதான்.
உள்ளே யார் என்பதை
முகத்தைப் பார்த்துப் பிடிக்கவேண்டும்.

முகத்தைப் பார்த்தேன்.
அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எழுது, நேரம் போகுது."

இரண்டையும் எழுதினேன், நடுவில் ஒரு சாய்கோடு.
"அப்பிடி எழுதினா அரைப்புள்ளி வெட்டுவினம்," என்றாள்.
சிவப்புப் பேனை மூடியோடு கிடந்தது.