தொண்ணூறுக்குள் நூறு

குட்டாய்சியில் என்னை எல்லாரும் "மாஸ்" என்றார்கள்.
ஆசிரியர் என்கிற அவர்கள் சொல்லின்
வாலறுந்த வடிவம் அது.
முதல் நாள் எனக்கு மட்டும்
பின்னணியில் விசில் சத்தம் கேட்டது.

சனி ஞாயிறுகளில் நான் சுற்றுலாப் பயணி.
ரியோனி ஆற்றின் வெளுத்த கற்கள்,
குன்றின் மேல் பச்சைக் கூரையோடு தேவாலயம்,
குகைக்குள் ஊதாவும் ஆரஞ்சுமாய்
விளக்கடித்த சுண்ணாம்பு விழுதுகள்.
வழிகாட்டி சிவப்புக் குடையைத் தூக்கினால் நடப்போம்,
இறக்கினால் வியப்போம்.
சந்தையில் மெழுகுவர்த்தி என்று நினைத்து நான்கு வாங்கினேன்.
அறைத்தோழி ஹன்கா ஒன்றைக் கடித்துக் காட்டினாள்:
உள்ளே வால்நட், வெளியே திராட்சைக் கூழ்.
மற்ற மூன்றையும் படம் எடுத்தபின்தான் தின்றோம்.

திங்கள் முதல் வியாழன் வரை
மூன்றாம் வகுப்பில் பென்சில் சீவுகிறவள்.
பயிற்சி ஆசிரியை என்று அட்டையில் இருக்கிறது.
லமாரா டீச்சர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.
ஈரக் கையுறைகளைக் கணப்பின்மேல் காயப்போடுவது,
பசை டப்பாக்களுக்கு மூடி தேடுவது,
கண்ணாடியைத் தொலைத்த தோர்னிக்கேயை
முன் பெஞ்சுக்கு இழுத்து வருவது.
நாற்பது பக்கப் பாடத்திட்டம்
பெட்டியின் அடியில்
காலுறைகளுக்குக் கீழே தூங்கியது.

ஒரு செவ்வாய் லமாராவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
சாக்பீஸை என் கையில் வைத்துவிட்டு
மப்ளரோடு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

எண்கள்.
இருபது வரை தப்பித்தேன்.
அவர்களுக்கு முப்பது கிடையாது, இருபதும் பத்தும்தான்.
ஐம்பது என்றால் இரண்டு இருபதும் பத்தும்.
எழுபத்தேழுக்கு மூன்று இருபதை அடுக்கி
மேலே பதினேழைச் சுமக்க வேண்டும்.
நான் பாதி வழியில் பதினேழைக் கீழே போட்டேன்.
வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது.
மப்ளரும் குலுங்கியது.

"மாஸ், உங்கள் ஊரில் எப்படி எண்ணுவீர்கள்?"
நுட்சா. பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்தபடி.
அப்பாடா என்று எழுதினேன், அவர்கள் எழுத்தில், என் ஒலியில்.
பத்து. இருபது. முப்பது.
ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக
எண்பது. தொண்ணூறு. நூறு.
எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று
கைத்தூளைத் தட்டினேன்.

அவள் பலகைக்கு எழுந்து வந்தாள்.
நூறின் கீழ் ஒரு கோடு போட்டாள்.
தொண்ணூறின் பின்பாதிக்குக் கீழ் இன்னொன்று.
தமிழில் எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன்,
மூன்று சுழி காப்பாற்றியிருக்கும்.
அவர்கள் எழுத்தில் இருப்பது ஒரே ஒரு 'ன'.

"நூறுதான் இன்னும் வரவில்லையே,
அதற்குள் ஏன் இங்கே இருக்கிறது?"

தொண்ணூற்றொன்பது வாங்கிய பரீட்சைக்காக
ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறேன்,
அந்த ஒரு மார்க் எங்கே போனதென்று.
நூறு அங்கேயே இருந்ததை
யாரும் எனக்குக் காட்டியதில்லை.

"அர் வித்ஸி" என்றேன். தெரியாது.
அந்த ஊரில் நான் பிழையில்லாமல் சொன்ன
முதல் வாக்கியம்.

"பஸ்ஸில் பையை வைத்து இடம் பிடித்திருக்கும்"
என்றான் தோர்னிக்கே, கரும்பலகை தெரியாமலேயே.
எங்கள் பக்கம் அதற்குத் துண்டு போடுவோம்
என்று சொல்லவந்து, துண்டுக்கு வார்த்தை தெரியாமல்
கையால் காற்றில் ஒன்றைப் போட்டேன்.

மணியடித்ததும் லமாரா எழுந்து வந்து
வீட்டுப்பாட மூலையில் பக்க எண்களை எழுதினார்.
பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று.
அதன் கீழ் என் பெயர்.
பக்கத்தில்: 90.

சனிக்கிழமை படகில் போனோம்.
இருபுறமும் பாசி வழியும் பாறைச் சுவர், பச்சைத் தண்ணீர்.
குடை இறங்கியது, எல்லாரும் வியந்தார்கள்.
நான் துடுப்பு வீச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஹன்கா எடுத்த படத்தில்
அருவி நன்றாக விழுந்திருக்கிறது.
என் வாய் மட்டும் பாதி திறந்திருக்கும்.
'தொண்' வரை வந்திருந்தேன்.