கழிவு

எங்கள் லேபில் இருக்கும் பெண்ணுக்குத்
தலை இல்லை, தொடைக்குக் கீழே ஒன்றுமில்லை,
இடது சினைப்பையும் இல்லை.
இரண்டு பேட்சுக்கு முன்னால் யாரோ தொலைத்துவிட்டார்களாம்.
அந்தக் குழியில் ஜெசிந்தா
சப்பிப் போட்ட பிளம்ஸ் கொட்டையைக் கழுவி வைத்தாள்.
பிளாஸ்டிக்கைவிட அதுதான் சரியாக இருந்தது,
வரி வரியாக, மேடுபள்ளமாக.

ரெக்கார்டு நோட்டில் நான் எழுதியது:
நீளம் ஏழரை சென்டிமீட்டர், அகலம் ஐந்து,
கனம் இரண்டரை, எடை அறுபது கிராம்.
தலைகீழ்ப் பேரிக்காய் வடிவம்.
சிம்ஸ் பார்க் வாசலில் கூறு கட்டி வைத்திருந்ததை
ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன்.
"வாங்கறியா, வைத்தியம் பாக்கறியா?" என்றார் கடைக்காரர்.

ஜூலை மழை.
குன்னூரில் நான்கு நாளாக எதுவும் காயவில்லை.
பிரசவ வார்டின் குழாய்த் தண்ணீரில்
கழுவின விரல்கள் எனக்கே சொந்தமில்லை.

ஏழாம் கட்டில், யோகமலர்.
மண்டபம் முகாமில் பிறந்த அம்மாவுக்கு
எஸ்டேட் லைனில் பிறந்தவள்.
இரவு இரண்டு பத்துக்குப் பெண் குழந்தை.
இரண்டே முக்காலுக்குத் தொப்புளுக்குக் கீழே கை வைத்தேன்.
பந்து இருக்க வேண்டிய இடத்தில்
பிசைந்த மாவு.
துணி நனைந்துகொண்டே இருந்தது.

சிஸ்டரைக் கூப்பிட்டது என் குரல்தானா,
தெரியாது.
ஊசி வந்தது. சொட்டு ஏறியது.
என் கை மட்டும் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.
உள்ளே தசைநார்கள் எட்டு எட்டாகப் பின்னியிருக்கும்,
ஒவ்வொரு எட்டின் கண்ணுக்குள்ளும் ஒரு ரத்தக்குழாய் போகும்,
தசை சுருங்கினால் எட்டு இறுகிக் குழாயை நெரிக்கும்.
உயிருள்ள முடிச்சு.
அந்த வரிக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்டிருந்தேன்,
படிக்க அழகாக இருக்கிறதென்று.

இறுகு, இறுகு, இறுகித் தொலை

என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்,
சிஸ்டர் பிறகு சொன்னார்.
உள்ளங்கைக்கு அடியில்
அது
எழுந்தது,
மழையில் நனைந்த கிரிக்கெட் பந்துபோல.

விடிந்ததும் அவள் கேட்டாள்:
"ராத்திரி பூரா அப்படி என்னத்தத் தேடினே?"
"கர்ப்பப்பைங்க."
"புள்ளதான் வந்துருச்சே, இன்னும் எதுக்கு அது?"

இப்போது ஒரு கிலோ இருக்கும் என்றேன்.
தினம் ஒரு விரற்கடை இறங்கும்.
பத்துப் பன்னிரண்டு நாளில் கைக்குத் தட்டுப்படாது,
ஆறு வாரத்தில் அறுபது கிராம்.

பதினாறு வருஷம் கொழுந்து நிறுத்துப் போட்டவள்
கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள்.
"ஈரம்னு சொல்லி மூட்டைக்கு ரெண்டு கிலோ
கழிப்பான் எங்க கணக்கப்பிள்ளை.
இங்க கிலோவுக்குத் தொள்ளாயிரத்து நாப்பது கழிவா?
அவனே தேவல."
சிரித்தாள். சிரித்ததில் வலித்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தையை மார்பில் போட்டபோதும்
அப்படியே பிடித்தாள்.
"இவ இங்க இழுக்குறா, அங்க முறுக்குது."
எனக்கு அது எட்டு மதிப்பெண் கேள்வி.
நரம்பு, மூளைக்கு அடியில் பட்டாணியளவு சுரப்பி,
அங்கிருந்து ஆக்ஸிடோசின், படம் வரைந்து பாகம் குறிக்கவும்.
அவள் ஒரே வரியில் எழுதிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து,
குழந்தை தூங்கிவிட்டது என்று நினைத்த பிறகு:
"அந்தத் தொள்ளாயிரத்து நாப்பது எங்க போகுது?"

தசை தன்னையே கரைத்துக்கொள்ளும்,
ரத்தம் அதை வாரிக்கொண்டு போகும்,
பாதி ஒன்றுக்குப் போவதில் போய்விடும்.
உள்ளே உரிந்தது உதிரத்தோடு வரும்,
முதலில் சிவப்பாக, பிறகு வெளிறி, பிறகு வெள்ளையாக.
புத்தகத்தில் இதற்கு மேல் இல்லை.

ஜன்னலில் பனி ஏறியிறங்கியது.
கீழே பர்லியார் பஸ் ஹாரன் அடித்தது.
"அப்ப யாரும் எடுத்துக்கல" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, ஆறரை மணி:
தொப்புளுக்கு மூன்று விரல் கீழே.
கெட்டியாக இருக்கிறது.
சார்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.